பட்டப்பகலில் வரும் பயம்: பேய்ப்பட ரசிகர்களும் இருண்ட வெஸ்டர்ன் படங்களும்

கொறங்காடு (மூலனூர்):

வணக்கமுங்க. இந்தப் பேய்ப்பட ரசிகர் குழுவில் பேய்ப்படம் பற்றி நான் எழுதியதுதான் அதிகம் இருக்கும். வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் பார்த்த ‘யார்?’, ‘மை டியர் லிசா’ காலத்திலிருந்து ‘ஈரம்’, ‘பிட்சா’, ‘மாயா’, ‘அவள்’ வரைக்கும் ஒன்றையும் விட்டவனில்லை. ஆனால் கொஞ்ச வருசமாகவே பேய்ப்படம் போட்டால் கொட்டாவிதான் வருகிறது. ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011), ‘அரண்மனை’ (2014) ஓடிய ஓட்டத்தில் நம் ஊர்ப் பேய்கள் எல்லாம் காமெடியன்களுக்குத் துணை நடிகர்களாகிவிட்டன. வெளிநாட்டுப் பேயும் லேசுப்பட்டதில்லை. கதவு கிறீச்சிடும், சத்தம் அடங்கும், கேமரா மெதுவாகத் திரும்பும், டமார். அந்த டமார் எப்போது வரும் என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

இந்த நிலைமையில்தான், ‘கன்ஜூரிங்’ பேய்ப்படத்து பேட்ரிக் வில்சன் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக ‘போன் டொமஹாக்’ (2015) போட்டேன். வெஸ்டர்ன் என்கிற குதிரைப் படம் என்றே தெரியாது. முதல் காட்சியிலேயே சிட் ஹெய்க் முகம் வேறு. ‘ஹவுஸ் ஆஃப் 1000 கார்ப்ஸஸ்’ பார்த்தவர்களுக்கு அந்த முகம் போதும், நம்ம ஆள் படம்தான் என்று சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

கதை 1890களில் நடக்கிறது. பிரைட் ஹோப் என்று ஒரு சின்ன ஊர். ராத்திரியோடு ராத்திரியாகச் சிலரைக் குகையில் வாழும் ஒரு கூட்டம் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. தேடி நாலு பேர் கிளம்புகிறார்கள். ஷெரீப்பாக கர்ட் ரஸ்ஸல், அவருடைய வயதான உதவியாள், மடிப்புக் கலையாமல் உடுத்தும் ஒரு துப்பாக்கிக்காரன், அப்புறம் மனைவியைப் பறிகொடுத்த பேட்ரிக் வில்சன். வில்சனுக்கு ஏற்கனவே கால் முறிந்திருக்கிறது. வழியில் குதிரைகளும் திருட்டுப் போகின்றன. அதற்குமேல் நடைதான். கம்பை ஊன்றி ஊன்றி அந்த மனுசன் வருவதைக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பின்னணி இசை அநேகமாகக் கிடையாது. மூச்சு வாங்குவது கேட்கிறது, கல்லில் கம்பு படுவது கேட்கிறது, அவ்வளவுதான். எஸ். கிரெய்க் ஸாலர் என்பவருக்கு இது முதல் படம், 21 நாளில் எடுத்திருக்கிறார்.

குகைக்குப் போன பிறகு நடக்கும் ஒரு காரியத்தை இங்கே எழுத மாட்டேன். பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அது இல்லை, அதற்கு முந்தின அந்த நடை. நாம் பார்த்துப் பழகிய படங்களில் பயம் ஒரு வீட்டுக்குள் இருக்கும். வெளியே ஓடிவிட்டால் தப்பிக்கலாம், விடிந்துவிட்டால் தப்பிக்கலாம். இங்கே வீடும் கிடையாது, பூட்டும் கிடையாது, உச்சி வெயில். எட்டுத் திக்கும் திறந்து கிடக்கிறது, கூப்பிட்டால்தான் யாரும் வர மாட்டார்கள். எங்கள் பக்கம் ஆனி மாதத்து மத்தியானம் காய்ந்த கொறங்காட்டில் (மேய்ச்சல் காட்டில்) ஒற்றை வெள்வேல மரத்தடியில் தனியாக நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இது மாதிரி வேறு என்னென்ன இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

செகண்ட்ஷோ (சேலம்):

நல்லா எழுதியிருக்கீங்க, ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன். பயம் என்றால் இன்னதென்று தெரியாத ஒன்றைப் பார்த்து வருவது. துப்பாக்கி வைத்திருப்பவனையும் கத்தி வைத்திருப்பவனையும் பார்த்துப் பயந்தால் அது சண்டைப் படம். மனுசனை மனுசன் வெட்டுவதைக் கிட்டத்தில் காட்டினால் குமட்டும். குமட்டலையும் திகிலையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பேய் இல்லாத பேய்ப்படத்துக்கு இந்தக் குழுவில் என்ன வேலை?

பனியன்கம்பெனி (திருப்பூர்):

ரெண்டு மணி நேரத்துக்கு மேல நடக்கறாங்களா அண்ணா? ஒன்றரை ஸ்பீடில் போட்டுப் பார்த்தால் குத்தமா?

கொறங்காடு (மூலனூர்):

தம்பி, ஒன்றரை ஸ்பீடில் போட்டால் அது ஓட்டப்பந்தயம். வேண்டாம்.

சேலத்து அண்ணாவுக்கு: ‘தி திங்’ (1982) உங்களுக்கும் பிடித்த படம்தானே? பனிக்குள் மாட்டிக்கொண்ட ஆட்கள், யாரை நம்புவது என்று தெரியாது, நடுவில் தாடியோடு கர்ட் ரஸ்ஸல். இப்போது ‘தி ஹேட்ஃபுல் எய்ட்’ (2015) எடுத்துக்கொள்ளுங்கள். பனிப்புயலில் ஒரு வழித்தங்கல் கடை, உள்ளே மாட்டிக்கொண்ட ஆட்கள், யாரை நம்புவது என்று தெரியாது, நடுவில் அதே கர்ட் ரஸ்ஸல். இரண்டுக்கும் இசை என்னியோ மொரிக்கோனே. ‘தி திங்’ படத்துக்காக அவர் போட்டு அப்போது பயன்படுத்தாமல் விட்ட இசையில் கொஞ்சத்தை இயக்குநர் டாரன்டினோ இந்தக் குதிரைப் படத்தில் எடுத்துப் போட்டிருக்கிறார். மொரிக்கோனேவுக்கு அந்தப் படத்துக்கு ஆஸ்கரும் கிடைத்தது. ஒரு பேய்ப்படத்து இசை குதிரைப் படத்தில் கச்சிதமாக உட்காருகிறது என்றால், இரண்டுக்கும் நடுவில் நீங்கள் போடுகிற வேலி அவ்வளவு உறுதியானதில்லை.

பேய்தான் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. ‘ஹை ப்ளெயின்ஸ் ட்ரிஃப்டர்’ (1973). கிளின்ட் ஈஸ்ட்வுட் தானே இயக்கிய முதல் வெஸ்டர்ன். கானல் நெளிகிற தூரத்தில் ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து ஒருவன் குதிரையில் வருகிறான். லாகோ என்று ஒரு ஏரிக்கரை ஊர், அங்கே ஒரு மார்ஷலைச் சாட்டையால் அடித்தே கொன்றிருக்கிறார்கள். ஊரே வேடிக்கை பார்த்திருக்கிறது. வந்தவன் ஊர் முழுக்கச் சிவப்புச் சாயம் பூச வைக்கிறான், ஊர்ப் பெயர்ப் பலகையில் நரகம் என்று எழுதுகிறான். அவன் யார் என்று படம் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. கலிபோர்னியாவில் மோனோ ஏரிக்கரையில் செட் போட்டு எடுத்தது. அந்த உப்பு ஏரியைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும்.

உடுக்கை (காங்கேயம்):

கொறங்காட்டாரே, இந்தப் படத்தை நான் வேறு கண்ணால் பார்த்தேன். அநியாயமாக அடித்துக் கொல்லப்பட்டவன் திரும்பி வந்து ஊரைக் கேள்வி கேட்பது நமக்குப் புதுசா? நம் பக்கம் இட்டாரிக்கு இட்டாரி (தோட்டத்து வண்டிப்பாதைகளில்) இருக்கிற சின்னச் சாமிகளில் முக்கால்வாசி இப்படிச் செத்தவர்கள்தானே. வெட்டுப்பட்டவன், ஏமாற்றிக் கொல்லப்பட்டவன், பழி சுமந்து கிணற்றில் விழுந்தவள். ஊருக்குக் கேடு வரும், கோடாங்கி குறி சொல்லுவார், கல் நட்டு, பெயர் வைத்து, வருசம் ஒரு கிடா வெட்டுவார்கள். அதோடு அவன் அடங்கிக் காவலுக்கு நின்றுகொள்வான்.

லாகோ ஊர்க்காரர்கள் செய்யாமல் விட்டது இதைத்தான். அந்த மார்ஷலைப் பெயர்கூட எழுதாத குழியில் போட்டு மூடிவிட்டார்கள். அடையாளம் வைக்காவிட்டால் செத்தவர்கள் அடங்க மாட்டார்கள் என்று படத்தில் ஒரு பெண் சொல்லுவாள், கவனித்தீர்களா? கடைசிக் காட்சியில் அந்தக் குள்ளமான மனிதர் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருக்கிறார்? கல்லறைப் பலகையில் பெயர் செதுக்குகிறார். பெயர் எழுதியானது, அவன் வந்த வழியே கானலுக்குள் போய்விடுகிறான். எனக்கு அது நடுகல் போடுகிற சடங்காகத்தான் தெரிந்தது. ஈஸ்ட்வுட் நம் ஊர்ப் பக்கம் புலியோடு போராடிச் செத்தவனுக்கு நட்ட ஒரு புலிகுத்திக் கல்லைப் பார்த்திருந்தால் சட்டென்று புரிந்துகொண்டிருப்பார்.

செகண்ட்ஷோ (சேலம்):

இதை ஒத்துக்கொள்கிறேன். இது பேய்ப்படம். பார்க்கிறேன். ‘போன் டொமஹாக்’ இல்லை.

பழைய ரீல் (கோவை):

தம்பிகளா, நம் ஆட்கள் குதிரை ஏறியதை யாரும் சொல்லவில்லையே. ஜெய்சங்கரை வைத்து எம். கர்ணன் எடுத்த ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972), ‘எங்க பாட்டன் சொத்து’ (1975) எல்லாம் எங்கள் வயசுக்காரர்களுக்கு மனப்பாடம். கர்ணன் கேமராக்காரர். தரையோடு கேமராவை வைத்துக் குதிரையின் காலுக்கடியில் புழுதியை எடுப்பார். தெலுங்கில் கிருஷ்ணா ‘மோசகாள்ளகு மோசகாடு’ (1971) நடித்தார். இத்தாலிக்காரன் படத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் தொப்பி மாட்டினார்கள். அதெல்லாம் பழிவாங்கும் கதை, ஆனால் இருட்டுக் கிடையாது. ஒரு நடனம் வரும், அம்மா வருவார், நியாயம் ஜெயிக்கும். 2010ல் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ எடுத்தபோது ஊருக்கே ஜெய்சங்கர்புரம் என்று பெயர் வைத்தார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது, ஆனால் கிண்டல்தானே அது.

இருட்டு என்றால் இத்தாலிக்காரனிடம்தான் போக வேண்டும். அங்கே பேய்ப்படம் எடுத்தவர்களே குதிரைப் படமும் எடுத்தார்கள். ஆள், கேமரா, ஸ்டூடியோ எல்லாம் ஒன்று, துணிமணிதான் வேறு. அன்டோனியோ மார்கெரிட்டி என்பவர் 1964ல் ‘காஸில் ஆஃப் பிளட்’ என்று பழைய மாளிகைப் பேய்ப்படம் எடுத்தவர். அவரே 1970ல் கிளாஸ் கின்ஸ்கியை வைத்து ‘அண்ட் காட் செட் டு கெய்ன்’ எடுத்தார். புயல் அடிக்கிற ஒரே ராத்திரி, பழி வாங்க வந்தவன் ஒருத்தன், ஒவ்வொருத்தனாகப் போகிறான், கோயில் மணி தானாக அடிக்கிறது. அதில் துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டு மெழுகுவர்த்தியைக் கொடுத்தால் பழைய டிராகுலா படம்.

டெக்ஸ்தாசன் (ஈரோடு):

ஐயா சொன்ன அதே இத்தாலியிலிருந்து நமக்கு இன்னொரு சாமானும் வந்ததே! டெக்ஸ் வில்லர். 1948ல் போனெல்லியும் கல்லெப்பினியும் உண்டாக்கிய காமிக்ஸ் நாயகன், சிவகாசி லயன் காமிக்ஸ் வழியாக நம் வீட்டுக்கு வந்தவர். நவஹோ பூர்வகுடிகளின் இரவுக்கழுகு. அவருக்கு வாய்த்த பெரிய எதிரி யார்? மெபிஸ்டோ. மேடையில் வித்தை காட்டிக்கொண்டிருந்தவன், பிறகு நிஜமாகவே மாந்திரீகம் பழகிப் பேய் பிசாசுகளை ஏவுகிறவன். அவன் மகன் யமா இன்னும் மோசம். பாலைவனம், குதிரை, வின்செஸ்டர் துப்பாக்கி, அதோடு பில்லி சூனியம். இருண்ட வெஸ்டர்னை இங்கிலீஷ் படம் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றில்லை, பள்ளிக்கூடப் பைக்குள்ளேயே வைத்திருந்தோம். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு வந்து காமிக்ஸ் ஸ்டாலில் நின்று பாருங்கள். நரைத்த தலைகள்தான் அதிகம், ஆனால் மெபிஸ்டோ என்றால் முகம் மாறும்.

பனியன்கம்பெனி (திருப்பூர்):

அண்ணா, நான் ‘ரேவனஸ்’ (1999) பார்த்துவிட்டேன். மனுசக் கறி தின்றால் பலம் வரும் என்று ஒரு கோட்டையில் ஆளாளுக்குத் தின்கிறார்கள். பார்த்த மறுநாள் மாமா வீட்டில் நோம்பிக் கறிச்சோறு. ரசத்தை ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

கொறங்காடு (மூலனூர்):

நல்ல படம் தம்பி அது, சும்மா தாண்டிப் போகாதே. அன்டோனியா பேர்ட் என்ற பெண் இயக்கியது. ஆரம்பத்தில் கை பியர்ஸுக்குப் பதக்கம் கொடுக்கிறார்களே, எதற்கு? போரில் பயந்து செத்தவன் மாதிரிப் படுத்துக்கொண்டவர், பிணக் குவியலுக்கு அடியில் கிடந்து உயிர் தப்பி எதிரி முகாமுக்குள் போய்ச் சேர்ந்தவர். வீரப் பதக்கம் வாங்கிய கோழை. அந்த ஆளுக்கு ராத்திரி உறக்கம் வராது, தட்டில் ரத்தம் சொட்டும் மாட்டுக் கறியைப் பார்த்தால் குடல் புரளும். வெண்டிகோ என்று வட அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் ஒரு நம்பிக்கை உண்டு: மனுசக் கறி தின்றவனுக்கு அடுத்தவன் பலம் வரும், கூடவே அடங்காத பசியும் வரும். படம் அந்தப் பசியை நாடு பிடிக்கிற பசியோடு சேர்த்துக் கட்டுகிறது. கதை நடக்கிற 1847ல் மெக்சிகோவோடு போர் நடந்துகொண்டிருக்கிறது. அதே பனிக்காலத்தில்தான் சியரா நெவாடா மலையில் மாட்டிக்கொண்ட டோனர் குழுவினர் செத்தவர்களைத் தின்று உயிர் பிழைத்தார்கள். அது கதையில்லை, நடந்தது. இசையைக் கேட்டாயா? டேமன் ஆல்பர்னும் மைக்கேல் நைமனும் போட்டது. ஆளை விரட்டிக் கொல்லுகிற காட்சியில் குஷியாக பாஞ்சோ வாசிக்கிறார்கள். சிரிப்பதா பயப்படுவதா என்றே தெரியாது.

சாளைக்காரி (உடுமலை):

ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது. இரண்டு விசயம்.

ஒன்று, ‘ஹை ப்ளெயின்ஸ் ட்ரிஃப்டர்’ படத்தை நடுகல், சாமி என்று எல்லாரும் கும்பிட்டுவிட்டீர்கள். அந்தச் சாமி ஊருக்குள் வந்த கொஞ்ச நேரத்திலேயே ஒரு பெண்ணை இழுத்துக்கொண்டு போய்க் கெடுக்கிறது. அண்ணன்மார் ஒருத்தருக்கும் அது ஞாபகம் வரவில்லையா? எனக்கு அதற்குப் பிறகு அவன் பழி தீர்த்தால் என்ன, தீர்க்காவிட்டால் என்ன என்று ஆகிவிட்டது.

இரண்டாவது, தனிமைப் பயத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், அதில் வீட்டிலேயே கிடப்பவள் யார்? ‘தி விண்ட்’ (2018) பாருங்கள். எம்மா டாமி இயக்கியது. பொட்டல்வெளியில் ஒரு மர வீடு, புருசன் வேலையாக வெளியே போய்விட்டான், காற்று அடிக்கிறது, வெளியே ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரிகிறது. சொன்னால் நம்புவதற்கு ஆள் இல்லை. நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா, அவள் மனசு உடைகிறதா என்று கடைசிவரை படம் பிடிகொடுப்பதில்லை. முன்னும் பின்னுமாகக் கதை போகும், கொஞ்சம் பொறுமை வேண்டும். இதே பெயரில் 1928ல் ஒரு மௌனப் படம் இருக்கிறது, லிலியன் கிஷ் நடித்தது. மோஹாவி பாலைவனத்தில் விமான விசிறிகளை வைத்து மணலை வாரியடித்து எடுத்திருக்கிறார்கள். தற்காப்புக்கு ஒருவனைக் கொன்று மணலில் புதைக்கிறாள். காற்று அந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதித் தள்ளுகிறது, அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். சத்தமே இல்லாத படத்தில் எனக்குக் காற்றின் இரைச்சல் கேட்டது.

எனக்கு ஏன் கேட்டது என்றால், நான் கல்யாணமாகி வந்தது தோட்டத்துச் சாளைக்கு. கூப்பிடு தூரத்தில் இன்னொரு வீடு கிடையாது. பாலக்காட்டுக் கணவாயில் காற்றுப் புறப்பட்டால் வைகாசி தொடங்கி ஆவணி தாண்டும்வரை தென்னை மட்டை ஓயாது. தகரக் கூரையில் ஆணி எந்த இடத்தில் தளர்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லுவேன். நாய் குரைத்தால் ஒரு பயம், குரைப்பது சட்டென்று நின்றால் அதைவிடப் பயம். தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்த வயசானவர்களை நகைக்காகக் கொன்ற செய்திகள் வரிசையாக வந்த பிறகு, எங்கள் பக்கம் பொழுதோடு கேட்டைப் பூட்டி, கேமரா மாட்டி, போர்வெல் ரூமுக்குப் போவதென்றால்கூட இரண்டு பேராகப் போகிறோம். அதனால் சேலத்து அண்ணா, துப்பாக்கிக்காரனுக்குப் பயந்தால் சண்டைப் படம் என்று சொன்னீர்களே, டவுனில் கதவோடு கதவு ஒட்டிய வீட்டில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லலாம்.

செகண்ட்ஷோ (சேலம்):

இதற்கு என்னிடம் பதில் இல்லைங்க அக்கா. ‘தி விண்ட்’ பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

கொறங்காடு (மூலனூர்):

சாளைக்காரி அக்கா சொன்ன முதல் விசயம் சரி. அந்தக் காட்சியை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் நியாயப்படுத்த முடியாது. பழைய வெஸ்டர்ன்கள் பலதில் இந்தக் கறை உண்டு.

அதோடு சேர்த்து இன்னொரு கறையையும் சொல்லிவிடுகிறேன். ‘போன் டொமஹாக்’ படத்தில் குகைக் கூட்டத்துக்குப் பேச்சே கிடையாது. தொண்டையில் எலும்பு ஊதல் வைத்து ஊளையிடுகிறார்கள். பூர்வகுடிகளைக் காட்டுமிராண்டிகளாகக் காட்டிய அந்தக் காலத்துப் படங்களின் தொடர்ச்சிதானே இது என்று நிறையப் பேர் திட்டியிருக்கிறார்கள். இயக்குநருக்கும் அது தெரிந்திருக்கிறது. அதனால்தான் ஊரில் ஒரு படித்த பூர்வகுடி மனிதரை வைத்து, அவர்கள் எங்கள் ஆட்களே இல்லை என்று சொல்ல வைக்கிறார். எனக்கு அது முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு செய்கிற காரியமாகத்தான் பட்டது.

இதற்கு நேர் எதிராக நிற்கிற படம் ‘தி பர்ரோவர்ஸ்’ (2008), ஜே.டி. பெட்டி இயக்கியது. 1879, டகோட்டா சமவெளி. குடியேறிய குடும்பம் ஒன்று காணாமல் போகிறது. செவ்விந்தியர்கள்தான் என்று படையோடு கிளம்புகிறார்கள், கண்ணில் பட்டவனைப் பிடித்துக் கட்டி வைத்து அடிக்கிறார்கள். உண்மையில் மண்ணுக்கடியில் வேறு ஒரு பிராணி இருக்கிறது. ஆளை மரத்துப்போக வைத்து, உயிரோடு புதைத்து, பதமானதும் தின்கிறது. அது ஏன் மனுசனைத் தேடி வந்தது என்பதுதான் விசயம். முன்னெல்லாம் அது காட்டெருமையைத் தின்றுகொண்டிருந்தது. வெள்ளைக்காரன் காட்டெருமையைச் சுட்டுத் தீர்த்துவிட்டான். இந்தப் பகுதி கற்பனை இல்லை. கோடிக்கணக்கில் இருந்த காட்டெருமை 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் சில நூறுக்கு வந்து நின்றது வரலாறு. தோலுக்காகச் சுட்டார்கள், பூர்வகுடிகளைப் பட்டினி போடவும் சுட்டார்கள். அந்தப் பிராணியை நினைத்து வந்த பயத்தைவிட, ரயிலில் போகிறபோதே ஜன்னல் வழியாகக் காட்டெருமையைச் சுட்டுத் தள்ளினார்கள் என்பதை நினைத்தால் வருகிறதே, அதுதான் இந்தப் படங்களில் எனக்குப் பிடிபட்ட பயம். பேய் வீட்டில் செத்தவர் ஒருவர், பழி வாங்குபவர் ஒருவர். இங்கே மொத்த நிலமும் செத்தவர்களின் வீடு.

உடுக்கை (காங்கேயம்):

நிலம் என்று சொன்னதால் கேட்கிறேன். பொன்னர், சங்கர் என்ற சகோதரர்களைப் பாடுகிற நம் கொங்குநாட்டு அண்ணன்மார் கதையை யாராவது இப்படி யோசித்தீர்களா? காட்டை வெட்டி வெள்ளாமை வைக்க வந்தவர்கள் ஒரு பக்கம், காட்டை நம்பி வேட்டையாடியவர்கள் ஒரு பக்கம். கொம்பன் என்ற பன்றி சும்மா வந்து வயலை அழிக்கவில்லை, வேட்டுவர் பக்கம் வளர்த்து ஏவியது. நடுவில் கிளி, சாபம், வரம். கடைசியில் படுகளம். தங்கை தங்காள் காட்டுக்குள் அண்ணன்மார் உடலைத் தேடிப் போய் உயிர் எழுப்புகிறாள், அந்த உயிர் நிலைக்கவில்லை. 1960களில் மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, பாட்டுக்காரர்கள் ராத்திரி ராத்திரியாக உடுக்கை அடித்துப் பாடியதை ஒலிநாடாவில் பிடித்தார். நான் சின்ன வயதில் கேட்டதும் ராத்திரிதான். பன்றி வருகிற இடத்தில் பாட்டுக்காரர் பாட்டை நிறுத்திவிட்டு உடுக்கையை மட்டும் மெதுவாகத் தேய்ப்பார். தோல் உறுமும். பந்தலில் குழந்தைகள் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். 2011ல் ‘பொன்னர் சங்கர்’ படமாக வந்தபோது அந்த உறுமலைக் காணோம், பட்டுத் துணியும் கிரீடமும்தான் இருந்தன. இதை இருண்ட வெஸ்டர்னாக எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வேட்டுவர் கண்ணிலிருந்து எடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

நொய்யல்கரை (கரூர்):

எங்கள் குலதெய்வத்தை வில்லனாக்கப் பார்க்கிறீர்களா? எந்தப் பக்கம் நியாயம் என்று ஊருக்கே தெரியும்.

உடுக்கை (காங்கேயம்):

நானும் அண்ணன்மார் கோயில் இருக்கிற வீரப்பூருக்கு நடந்து போய்வருகிறவன்தான். சாமியைக் குறை சொல்லவில்லை. தோற்ற பக்கத்துக்கும் ஒரு பாட்டு இருந்திருக்கும் என்கிறேன், அவ்வளவுதான்.

மட்டுறுத்துநர்:

இந்தத் தலைப்பில் படம் மட்டும் பேசலாம். சாதிப் பேச்சாகத் திரும்பினால் பூட்டிவிடுவேன். உடுக்கை, நொய்யல்கரை இருவருக்கும் சேர்த்துத்தான்.

பர்கூர்மலை (அந்தியூர்):

படத்தையே பேசுகிறேன். ‘தி கிரேட் சைலன்ஸ்’ (1968) இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. செர்ஜியோ கொர்புச்சி. யூட்டா மலையில் கொடும்பனி, மக்கள் பசியில் மலையேறி ஒளிந்திருக்கிறார்கள். அவர்கள் தலைக்கு விலை வைத்திருக்கிறது. விலைக்குக் கொல்கிற கூட்டத்தின் தலைவன் கிளாஸ் கின்ஸ்கி. சட்டப்படிதான் கொல்கிறான், கணக்கு எழுதித்தான் கொல்கிறான். பிணங்களைப் பனியில் புதைத்து வைத்திருந்து, மொத்தமாகக் காசாக்கிக்கொள்வான். எதிரே ஒரு ஊமை வீரன். இசை மறுபடியும் மொரிக்கோனே. புருசனைப் பறிகொடுத்த கறுப்பினப் பெண்ணாக வொனெட்டா மெக்கீ, 1968ல் அப்படி ஒரு கதாபாத்திரத்தை வெஸ்டர்னில் வைத்ததே பெரிது. முடிவை இங்கே சொல்லவில்லை. தயாரிப்பாளர் பயத்தில் நல்லபடியாக முடிகிற ஒன்றையும் தனியாக எடுத்து வைத்தார்கள் என்பதிலிருந்தே ஊகித்துக்கொள்ளுங்கள்.

மலையில் ஒரு தலைக்கு விலை வைத்துப் பல வருசம் தேடினால் நடுவில் இருக்கிற சனங்கள் என்ன ஆவார்கள் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. வீரப்பன் 2004ல் போய்ச் சேர்ந்தார். அவரைப் பற்றி எத்தனையோ படம், தொடர் வந்துவிட்டது. விசாரணை என்று கூட்டிக்கொண்டு போகப்பட்டுத் திரும்பி வந்தவர்களைப் பற்றி ஒரு இருண்ட வெஸ்டர்ன் வரட்டும், அப்போது சேலத்து அண்ணன் குமட்டலா திகிலா என்று சொல்லட்டும்.

பழைய ரீல் (கோவை):

அந்த வரிசையில் ‘ஜிகர்தண்டா டபுள்எக்ஸ்’ (2023) படத்தைச் சேர்க்கலாம் தம்பி. ஈஸ்ட்வுட் பைத்தியம் பிடித்த ரவுடி, தொப்பி, புழுதி என்று முதல் பாதி கொண்டாட்டமாகப் போகும். மலைக்கு ஏறிய பிறகு சிரிப்பு நின்றுவிடும். கடைசி அரைமணி நேரத்தில் அந்த மலைச் சனங்களுக்கு நடப்பதைப் பார்த்துவிட்டு என் பேரன் வீடு வரும்வரை பேசவில்லை. ஜெய்சங்கர் படத்துக்குப் போய்விட்டு நாங்கள் விசிலடித்துக்கொண்டு வருவோம்.

பனியன்கம்பெனி (திருப்பூர்):

எல்லாரும் சொல்லி முடிச்சாச்சா? எதிலிருந்து ஆரம்பிக்கிறது? நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து பார்க்கணும், ஒரு வரிசை சொல்லுங்க.

கொறங்காடு (மூலனூர்):

பேய்ப்படத்திலிருந்து வருகிறவன் ‘நியர் டார்க்’ (1987) தொடங்குவது சுலபம். கேத்ரின் பிகலோ இயக்கியது. ரத்தக்காட்டேரிக் கூட்டம்தான், ஆனால் அந்த வார்த்தையை ஒரு இடத்திலும் சொல்ல மாட்டார்கள். வேனில் சுற்றுகிற வழிப்பறிக் கும்பலாகவே இருப்பார்கள், வெயில் பட்டால் எரிவார்கள். பகல்தான் எதிரி என்பதால் பழகிய வீட்டிலிருந்து திண்ணைக்கு வந்த மாதிரி இருக்கும். அப்புறம் ‘ரேவனஸ்’ நீயே முடித்துவிட்டாய். ‘தி பர்ரோவர்ஸ்’, ‘தி விண்ட்’ இரண்டையும் அடுத்து வைத்துக்கொள். ‘போன் டொமஹாக்’ சாப்பிட்டவுடனே வேண்டாம், ஒன்றரை ஸ்பீடிலும் வேண்டாம். ‘தி கிரேட் சைலன்ஸ்’ லீவு நாளில் பார், மறுநாள் வேலைக்குப் போகிற மனநிலை இருக்காது.

செகண்ட்ஷோ (சேலம்):

நேற்று ‘தி கிரேட் சைலன்ஸ்’ போட்டேன். அப்பாவும் வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களில் ஊறியவர், ஜெய்சங்கர் ரசிகர். குதிரையைப் பார்த்ததும் குஷியாகிவிட்டார். “இந்த ஊமைப் பையன் கடைசியில் பேசுவான் பாரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். படம் முடிந்து பெயர் ஓடுகிறது, அவர் ரிமோட்டை வாங்கிப் பின்னால் ஓட்டி மறுபடி பார்க்கிறார், எங்கேயாவது எழுந்து வருகிறானா என்று. “இதுக்கா இவ்வளவு தூரம் பனியில் நடந்தான்?” என்று என்னைத் திட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். காலையில் காபி குடிக்கும்போது, அந்த நீலக் கண்ணுக்காரன் இன்னும் வேறு படத்தில் நடித்திருக்கிறானா, அதிலாவது சாவானா என்று கேட்கிறார்.

பேய் இல்லை, ஆனால் அப்பா ராத்திரி இரண்டு தடவை எழுந்து வாசக்கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தார். அதை நான் எந்தக் கணக்கில் எழுதுவது என்று கொறங்காட்டார்தான் சொல்ல வேண்டும்.

பழைய ரீல் (கோவை):

அப்பாவுக்கு ‘அண்ட் காட் செட் டு கெய்ன்’ போட்டுக் காட்டுங்கள் தம்பி. அதிலும் கின்ஸ்கிதான், ஆனால் அதில் அவர் நல்லவர் பக்கம். அதுக்கும் திட்டினால் என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள்.